விண்மீன் மண்டலங்களின் வரலாறு – 17: சென்னை மாணவர் கண்ட பின்னிழுப்பு

சென்ற அத்தியாயம் எட்வின் ஹபிள் 1936-ல் வெளியிட்ட நூலோடு நின்றது. வானத்து மண்டலங்களை அவர் வடிவம் பார்த்துப் பிரித்தார்: நீள்வட்ட மண்டலங்கள், சுருள் மண்டலங்கள், எந்த ஒழுங்குக்கும் அடங்காதவை. ஒவ்வொரு மண்டலமும் தனியே பிறந்தது, தன் வடிவத்தைத் தானே அடைந்தது, இனியும் தனியாகவே இருக்கும் என்றுதான் அன்றைய வானியலாளர்கள் பெரும்பாலும் எண்ணினார்கள். அந்த எண்ணம் எப்படி உடைந்தது என்பது இந்த வாரக் கதை.

இன்று நாம் காணும் பெரிய மண்டலங்கள் பலவும் சிறியவற்றைத் தம்முள் சேர்த்துக்கொண்டு வளர்ந்தவை. நம் பால்வெளிக்கும் அந்த வரலாறு உண்டு. ஆனால் ஒரு மண்டலம் இன்னொன்றில் ஏன் விழ வேண்டும்? சுற்றிக்கொண்டே இருந்துவிடலாமே? பூமி சூரியனைச் சுற்றுகிறது, விழவில்லை. இந்தக் கேள்விக்கு விடை எழுதியவர் மயிலாப்பூரில் வளர்ந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்த சுப்ரமணியன் சந்திரசேகர். தமிழில் அவரைப் பற்றி எழுதும்போதெல்லாம் வெண்குறு விண்மீன்களுக்கு அவர் விதித்த எடை வரம்பும் எடிங்டனோடு நேர்ந்த மோதலும் 1983-ன் நோபல் பரிசும்தான் வருகின்றன. 1943-ல் அவர் எழுதிய இன்னொரு கட்டுரையை நம்மில் மிகச் சிலரே அறிவார்கள். மண்டலங்களின் வரலாற்றை எழுதுகிறவனுக்கு அந்தக் கட்டுரை வரம்புக்குச் சற்றும் குறைந்ததல்ல.

முதலில் ஒரு கணக்கு. சூரியனின் குறுக்களவு சுமார் 14 லட்சம் கி.மீ. அதற்கு மிக அருகில் உள்ள விண்மீன் 4.2 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. அதாவது ஒரு விண்மீனுக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 3 கோடி சூரியன்களை வரிசையாக வைக்கலாம். அவை இரண்டும் முட்டிக்கொள்ள வாய்ப்பே இல்லை என்று சொல்லிவிடலாம். மண்டலங்களின் கணக்கு வேறு. பால்வெளியின் குறுக்களவு ஏறத்தாழ 1 லட்சம் ஒளியாண்டு. அருகிலுள்ள பெரிய மண்டலமான ஆண்ட்ரோமீடா 25 லட்சம் ஒளியாண்டில் இருக்கிறது. இடையே இருபத்தைந்து பால்வெளிகளுக்குத்தான் இடம். குட்டி மண்டலங்களோ பால்வெளியின் விளிம்பிலேயே நிற்கின்றன. விண்மீன்கள் முட்டிக்கொள்ளாத அண்டத்தில் மண்டலங்கள் அடிக்கடி முட்டிக்கொள்கின்றன. அப்படி ஒன்றினுள் ஒன்று நுழையும்போதும் விண்மீன்கள் ஒன்றையொன்று தொடாமல் கடந்துபோகின்றன. இந்த இரட்டை உண்மையை மனத்தில் இருத்திக்கொண்டால் மேற்கொண்டு வரும் எதுவும் கடினமில்லை.

இப்படிப்பட்ட மோதலை முதலில் செய்து பார்த்தவர் ஸ்வீடன் நாட்டு எரிக் ஹோம்பெர்க். ஆண்டு 1941. கணினி இல்லை. இரண்டு மண்டலங்களின் விண்மீன்கள் ஒன்றையொன்று எவ்வளவு இழுக்கும் என்பதைக் கையால் கணக்கிட முயன்றால் ஆயுள் போதாது. லுண்ட் வானாய்வகத்தில் அவர் ஒரு வழி கண்டார். ஈர்ப்பு, தொலைவின் வர்க்கத்துக்கேற்பக் குறைகிறது. வெளிச்சமும் அப்படியே குறைகிறது. ஆகவே ஈர்ப்புக்குப் பதில் வெளிச்சத்தை அளந்தால் போதும். இருட்டறையில் ஒரு மண்டலத்துக்கு 37 மின்விளக்குகள், இன்னொன்றுக்கு 37 என்று பரப்பினார். ஒரு விளக்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒளிமின்கலத்தை வைத்து எந்தப் பக்கமிருந்து எவ்வளவு ஒளி வருகிறது என்று அளந்தார். அதுதான் அந்த விண்மீன் மீதுள்ள இழுவிசை. அதற்கேற்ப விளக்கைச் சற்று நகர்த்தினார். அடுத்த விளக்கு, அதற்கடுத்தது என்று எழுபத்து நான்கையும் நகர்த்தி முடித்ததும் மறுபடி முதலிலிருந்து. அவ்வளவு பொறுமையாகச் செய்து பார்த்ததில் இரண்டு விஷயங்கள் தெரிந்தன. அருகே கடந்த மண்டலங்களில் விண்மீன்கள் கைபோல வெளியே இழுபட்டன. போன வேகத்திலேயே அவை வெளியேறவில்லை. கொஞ்சம் வேகத்தை இழந்தன. இழப்பு போதுமானால் இரண்டும் பிணைந்துவிடும் என்று ஹோம்பெர்க் எழுதினார். வானியல் வரலாற்றில் இதைவிட அழகான சோதனை எனக்குத் தெரிந்து அதிகமில்லை. ஆனாலும் அன்று அதை யாரும் பெரிதாகத் தொடரவில்லை. போர் நடந்துகொண்டிருந்தது.

அதே போர்க்காலம்தான் சந்திரசேகரின் 1943. விஸ்கான்சின் மாநிலத்தில் வில்லியம்ஸ் பே என்ற சிற்றூரில், சிகாகோ பல்கலைக்கழகத்தின் யெர்க்ஸ் வானாய்வகத்தில் மனைவி லலிதாவுடன் வசித்துக்கொண்டிருந்தார். வயது 32. அந்தக் காலத்தில் மேரிலாந்தின் அபர்டீன் ராணுவச் சோதனைக்களத்துக்கும் போய்ப் பீரங்கிக் குண்டுப் பாதைகளைக் கணக்கிட்டுத் தந்தார். விண்மீன்களின் உள்ளமைப்பைப் பற்றிய தம் நூலை 1939-ல் முடித்துவிட்டு, விண்மீன் கூட்டங்களின் இயக்கத்துக்கு வந்திருந்தார். அதைப் பற்றியும் 1942-ல் ஒரு நூல் வந்துவிட்டது. அவர் போக்கு அப்படி: ஒரு துறையில் இறங்கி, அடிவரை போய், நூலாக எழுதி வைத்துவிட்டு அடுத்த துறைக்கு நடந்துவிடுவார்.

நூல் வந்த பிறகும் ஒன்று அவரை உறுத்தியது. ஒரு கொத்தில் உள்ள விண்மீனை நாலாபுறமும் உள்ள மற்ற மீன்கள் இழுக்கின்றன. அவை நகர்ந்துகொண்டே இருப்பதால் இழுப்பும் மாறிக்கொண்டே இருக்கிறது. ஒரு சமயம் இந்தப் பக்கம் ஒரு தள்ளல், மறு சமயம் அந்தப் பக்கம். தண்ணீரில் மிதக்கும் மகரந்தத் துகள் அலைக்கழிவதை 1905-ல் ஐன்ஸ்டைன் விளக்கிய அதே கணிதம் இங்கும் பொருந்தும். ஆனால் தாறுமாறான தள்ளல்கள் மட்டுமே இருந்தால், காலம் செல்லச் செல்ல விண்மீனின் வேகம் கூடிக்கொண்டே போகவேண்டும். கொத்து முழுவதும் கலைந்துவிடும். உண்மையில் கொத்துகள் கோடிக்கணக்கான ஆண்டுகள் நிலைத்திருக்கின்றன. அவற்றில் வேகங்கள் ஓர் அளவுக்குள்ளேயே பரவி நிற்கின்றன. அப்படியானால் வேகத்தைக் குறைக்கும் ஏதோ ஒன்றும் கூடவே இருந்தாக வேண்டும். தண்ணீரில் அது உராய்வு. விண்மீன்களுக்கு இடையே வெற்றிடம். அங்கே எது உராயும்?

ஈர்ப்பே உராய்வாகிறது என்பது அவருடைய விடை. ஒரு கனமான பொருள் விண்மீன் கூட்டத்தினூடே போகிறது. வழியில் உள்ள ஒவ்வொரு மீனையும் தன் பக்கம் வளைத்து இழுக்கிறது. வளைந்த மீன் வந்து சேர்வதற்குள் இது முன்னே போய்விடுகிறது. ஆகவே இழுபட்ட மீன்கள் எல்லாம் இதன் பின்புறத்தில் சற்று நெருக்கமாகச் சேர்கின்றன. முன்னால் இருப்பதைவிடப் பின்னால் எடை கூடுதல். அந்தக் கூடுதல் எடை இதைப் பின்னோக்கி இழுக்கிறது. பொருள் தானே திரட்டிய கூட்டம் தன்னையே தடுக்கிறது. எதுவும் எதையும் தொடவில்லை. ஆனாலும் வேகம் குறைகிறது. சந்திரசேகர் இதற்கு இயக்க உராய்வு என்று பெயர் வைத்து, அதன் அளவைச் சூத்திரமாக்கி 1943-ல் அமெரிக்க வானியற்பியல் இதழில் தொடர்ச்சியாக மூன்று கட்டுரைகளில் வெளியிட்டார்.

சூத்திரத்தில் மூன்று செய்திகளைக் கவனிக்க வேண்டும். தடுக்கும் விசை, போகும் பொருளின் எடையின் வர்க்கத்துக்கேற்பக் கூடுகிறது. கூட்டத்தைத் திரட்டுவதும் அந்த எடை, அந்தக் கூட்டத்தால் இழுபடுவதும் அதே எடை என்பதால் இரண்டு முறை கணக்கில் வருகிறது. ஆகவே கனமானது சீக்கிரம் தளர்கிறது. இரண்டாவது, மிக வேகமாகப் போகும் பொருளுக்குத் தடை குறைவு; மீன்கள் வளைந்து திரள்வதற்கு நேரமே கிடைப்பதில்லை. மூன்றாவது செய்திதான் பிற்காலத்தில் பெரிதானது. சுற்றியுள்ளவை விண்மீன்களாகத்தான் இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எடை இருந்து, போகும் பொருளைவிட மிக இலேசான துகள்களாக இருந்தால் போதும். கண்ணுக்குத் தெரியாத கரும்பொருளுக்கும் அது அப்படியே பொருந்துகிறது. 1970-களில் ஒவ்வொரு பெரிய மண்டலத்தையும் சுற்றிக் கரும்பொருள் மிகப் பெரிய அளவில் சூழ்ந்திருப்பதாகத் தெரிந்தபோது, அதனுள் நுழையும் குட்டி மண்டலம் என்னவாகும் என்பதற்கு விடை முப்பது ஆண்டுக்கு முன்பே எழுதி வைக்கப்பட்டிருந்தது.

சந்திரசேகர் அதை மண்டலங்களுக்காக எழுதவில்லை. கொத்துகளிலிருந்து விண்மீன்கள் எவ்வளவு காலத்தில் தப்பிப்போகும் என்பதே அவர் கேள்வி. அதை முடித்துவிட்டு, விண்மீன் வளிமண்டலத்தில் ஒளி எப்படிக் கடத்தப்படுகிறது என்ற அடுத்த துறைக்குப் போய்விட்டார்.

மண்டலங்களின் மோதலைக் கணக்கில் கொண்டுவந்தவர்களில் ஒருவர் ஐதராபாத்துக்காரர் என்பதை நம் பாடநூல்கள் சொல்வதே இல்லை. சாலே முகமது அலாதீன், 1931-ல் பிறந்தவர், சிகாகோ பல்கலைக்கழகத்தில் 1963-ல் முனைவர் பட்டம் பெற்றார். மோதும் மண்டலங்களின் இயக்கம் பற்றிய அவர் கட்டுரை 1965-ல் வந்தது. ஒன்றையொன்று ஊடுருவிச் செல்லும் இரண்டு மண்டலங்களில், பயணத்தின் ஆற்றல் எவ்வளவு உள்ளே இருக்கும் விண்மீன்களின் அசைவாக மாறுகிறது என்று அதில் கணித்தார். பயண ஆற்றல் குறைந்தால் பிரிந்துபோக முடியாது. அங்கே இணைவு தொடங்குகிறது. அலாதீன் ஊர் திரும்பி உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் மாணவர்களோடு இதே கேள்வியைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்தார். அவரும் கே.எஸ்.வி.எஸ். நரசிம்மனும் 1982-ல் எழுதிய நீண்ட தொகுப்புக் கட்டுரை, அதுவரை இத்துறையில் நடந்த வேலையை எல்லாம் ஓரிடத்தில் சேர்த்தது. பெரிய கணினி கைக்கு எட்டாத இடத்தில், தாளும் கணிதமும் கொண்டே இதைச் செய்தார்கள். உலக வரலாற்று நூல்களில் இந்தக் குழுவுக்குக் கிடைத்திருக்கும் இடம் போதாது என்பது என் கருத்து.

உலகத்தின் கண்ணை இந்தப் பக்கம் திருப்பியது 1972. எஸ்தோனியாவில் பிறந்து போரின்போது நாட்டைவிட்டு வெளியேறிய அலார் டூம்ரே, யூரி டூம்ரே சகோதரர்கள், வானத்தில் நீண்ட வால்களோடு காணப்படும் விசித்திர இணைகளைக் கணினியில் மறுபடி உருவாக்கிக் காட்டினார்கள். அந்த வால்கள் காந்தத்தாலோ வெடிப்பாலோ வந்தவை அல்ல, வெறும் ஈர்ப்பின் வேலை என்பது ஐயமில்லாமல் நிறுவப்பட்டது. 1977-ல் அலார் இன்னும் ஒரு படி போனார்: இரண்டு சுருள் மண்டலங்கள் இணைந்தால் மிஞ்சுவது நீள்வட்ட மண்டலம். ஹபிள் தனித்தனி வகைகளாகப் பிரித்து வைத்தவற்றுள் ஒன்று மற்றொன்றாக மாறக்கூடும் என்பது அதன் பொருள். அதே ஆண்டுகளில் ஜெரேமியா ஆஸ்ட்ரைக்கரும் ஸ்காட் ட்ரெமெய்னும் சந்திரசேகரின் சூத்திரத்தை எடுத்துக்கொண்டு, மண்டலக் கொத்துகளின் நடுவில் அமர்ந்திருக்கும் ராட்சத மண்டலங்கள் தம் அண்டை மண்டலங்களை விழுங்கித்தான் பெருத்தன என்று காட்டினார்கள். ட்ரெமெய்ன் 1976-ல் மகெல்லன் மேகங்களின் பாதையையும் கணித்தார். அவையும் பால்வெளியைச் சுற்றச்சுற்ற உராய்வால் உள்ளிழுக்கப்படுகின்றன.

நம் பால்வெளியின் வரலாற்றில் அப்போது வேறொரு விவாதம் நடந்துகொண்டிருந்தது. 1962-ல் எகென், லிண்டன்-பெல், சாண்டேஜ் மூவரும் பால்வெளி ஒரே வாயு மேகம் விரைவாகச் சுருங்கி உருவானது என்று எழுதினார்கள். தெளிவான, கவர்ச்சியான கருத்து. பதினாறு ஆண்டுகள் கோலோச்சியது. 1978-ல் லியோனார்ட் சீர்லும் ராபர்ட் சின்னும் 19 கோளக் கொத்துகளில் உள்ள 177 சிவப்பு விண்மீன்களின் உலோகச் செறிவை அளந்தார்கள். ஒரே மேகம் சுருங்கியிருந்தால் வெளியிலிருந்து உள்ளே போகப்போக உலோகம் சீராகக் கூடவேண்டும். வெளிப்புறக் கொத்துகளில் அப்படி எந்தச் சீரும் தென்படவில்லை. வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு காலங்களில் பிறந்த துண்டுகள் வந்து சேர்ந்தன என்பதே பொருத்தமான விளக்கமாக இருந்தது. ஆனால் சேர்ந்துகொண்டிருக்கும் ஒரு துண்டையாவது காட்டுங்கள் என்று கேட்டால், காட்ட அப்போது எதுவும் இல்லை.

காட்டியது 1994. ரோட்ரிகோ இபாட்டா, ஜெரார்ட் கில்மோர், மைக் இர்வின் மூவரும் பால்வெளியின் நடுப்புடைப்பில் உள்ள விண்மீன்களின் வேகத்தை அளந்துகொண்டிருந்தார்கள். தனுசு ராசித் திசையில் ஒரு தொகுதி மீன்கள் மற்றவற்றோடு ஒட்டாமல், தமக்குள் ஒரே வேகத்தில் போவதைக் கண்டார்கள். அவை நடுப்புடைப்பைச் சேர்ந்தவையே அல்ல. அதற்கும் பின்னால், நம்மிடமிருந்து சுமார் 80 ஆயிரம் ஒளியாண்டில், ஒரு குட்டி மண்டலம் பால்வெளியால் சிதைக்கப்பட்டுக்கொண்டிருந்தது. இத்தனை பக்கத்தில் இருந்தும் முன்னால் குவிந்த விண்மீன்களால் அதுவரை மறைந்திருந்தது. பிற்பாடு அதிலிருந்து உரிந்த விண்மீன்கள் வானத்தைச் சுற்றி ஒரு வளையமாகவே நீண்டு கிடப்பதும் தெரியவந்தது.

இந்த அத்தியாயத்தை அமராவதி நகரிலிருந்து எழுதுகிறேன். இந்த வரலாற்றுக்கு இந்த ஊர் நல்ல இடம். வடக்கே உடுமலையின் வெளிச்சமும் அதற்கப்பால் திருப்பூரின் வெளிச்சமும் வானத்தின் அடியை வெளுக்க வைக்கின்றன. தெற்கே அணை, முதலைப் பண்ணை, ஆனைமலைக் காடு. அந்தப் பக்கம் ஊர் வெளிச்சம் குறைவு. பார்க்க வேண்டியவை பெரும்பாலும் தெற்கிலேயே இருக்கின்றன. ஆகஸ்டுத் தொடக்கத்தில் மேகம் விலகும் இரவில் பத்து மணிவாக்கில் தெற்கு நோக்கி நின்றால், அடிவானத்துக்கும் உச்சிக்கும் நடுவில் தனுசு ராசி நிற்கும். உத்திராடம் என்று பஞ்சாங்கம் குறிக்கும் மீன்களில் ஒன்றின் அருகே இருகண் நோக்கியை வைத்துத் தேடினால் மங்கலான ஒரு பொட்டு தெரியும். மெஸ்ஸியே 1778-ல் கண்டு தம் பட்டியலில் 54 என்று எண்ணிட்ட கொத்து அது. இருநூறு ஆண்டுகளுக்கு மேல் அதைப் பால்வெளியின் கொத்து என்றே எல்லோரும் நினைத்தார்கள். அது அந்தச் சிதையும் தனுசுக் குட்டி மண்டலத்தின் நடுப்பகுதியில் இருக்கிறது.

வெறுங்கண்ணுக்கே எட்டுவது இன்னொன்று. மே மாத நடுவில் இரவு பத்து மணியளவில் சித்திரை நட்சத்திரம் உச்சிக்குச் சற்றுத் தெற்கே இருக்கும். அதிலிருந்து நேர் கீழே இறங்கி வாருங்கள். அடிவானத்துக்கு மேலே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உயரத்தில், விண்மீன்போல் கூர்மையாக இல்லாமல் பஞ்சுபோல ஒன்று தெரியும். ஒமேகா சென்டாரி. சுமார் 17 ஆயிரம் ஒளியாண்டில், ஏறக்குறைய 1 கோடி விண்மீன்கள். லண்டன்காரர்கள் தம் ஊரிலிருந்து இதைப் பார்க்கவே முடியாது. ஹாலி 1677-ல் செயின்ட் ஹெலினா தீவுக்குப் போய்த்தான் குறித்துவந்தார். சாதாரணக் கோளக் கொத்தில் மீன்கள் பெரும்பாலும் ஒரே காலத்தில் பிறந்தவை. இதில் பல காலத்து மீன்கள், பல வகை வேதிச் சேர்க்கைகள். ஒரு குட்டி மண்டலத்தைப் பால்வெளி விழுங்கியபோது மேல்பகுதி எல்லாம் உரிந்துபோய் மிஞ்சிய கருவே இது என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். 2024-ல் மாக்ஸிமிலியன் ஹேபர்லேயும் சகாக்களும் ஹபிள் தொலைநோக்கியின் இருபதாண்டுப் படங்களை ஒப்பிட்டு, நடுவில் மிக வேகமாகப் போகும் ஏழு மீன்களைக் கண்டுபிடித்தார்கள். குறைந்தது 8,200 சூரியன் எடையுள்ள கருந்துளை அங்கே இருந்தால்தான் அந்த மீன்கள் தப்பாமல் அங்கேயே சுற்ற முடியும். மண்டலமாக இருந்த காலத்தின் அடையாளமாக இதையும் சேர்த்துக்கொள்கிறார்கள்.

விழுங்கியதை எப்படி இவ்வளவு நிச்சயமாகப் பிரித்தறிகிறார்கள் என்ற கேள்விக்கு நம் மாவட்டத்துக்காரர்களுக்கு விடை சொல்வது எளிது. திருப்பூர் மாநகராட்சி 2011-ல் வேலம்பாளையம், நல்லூர் நகராட்சிகளையும் சுற்றியிருந்த ஊராட்சிகளையும் சேர்த்துக்கொண்டு விரிந்தது. இன்று அவை வார்டு எண்கள். ஆனால் பழைய ஊரின் பெயர் அழியவில்லை. அம்மன் கோயில் இருந்த இடத்திலேயே இருக்கிறது. தெருக்கள் பழைய ஊருக்குள் வளைந்த மாதிரியே வளைகின்றன. பனியன் கம்பெனிகள் எவ்வளவு நெருக்கிக் கட்டினாலும் எது பழைய ஊர் என்று அங்கே பிறந்தவருக்குத் தெரியும். விண்மீன்களுக்கும் அப்படி இரண்டு அடையாளங்கள். ஒன்று வேதிச் சேர்க்கை: பிறந்த மேகத்தில் இருந்த தனிமங்களின் விகிதத்தை விண்மீன் கடைசிவரை சுமக்கிறது. குட்டி மண்டலத்தில் விண்மீன்கள் மெதுவாகப் பிறப்பதால் இரும்புக்கும் மெக்னீசியத்துக்கும் உள்ள விகிதம் பெரிய மண்டலத்தில் இருப்பதுபோல் இருக்காது. மற்றது பாதை: ஒன்றாக வந்து விழுந்தவை, வானத்தின் எதிரெதிர்த் திசைகளில் சிதறிக் கிடந்தாலும், ஒரே ஆற்றலும் ஒரே சுழற்சியும் கொண்டு சுற்றுகின்றன.

இந்த இரண்டாவது அடையாளத்தைத் தேட, கோடிக்கணக்கான விண்மீன்களின் இடமும் வேகமும் வேண்டும். அதைத் தந்தது 2013 டிசம்பர் 19-ல் ஐரோப்பிய விண்வெளி முகமை ஏவிய கையா. அதன் இரண்டாம் தரவு 2018 ஏப்ரலில் வெளியானது. 130 கோடிக்கும் மேற்பட்ட விண்மீன்களின் தொலைவும் நகர்வும் அதில் இருந்தன. அமினா ஹெல்மி 1999-லேயே முந்தைய செயற்கைக்கோள் தரவில், ஒன்றாக வந்த விண்மீன்களின் ஓர் ஓடையைக் கண்டவர். இப்போது கையாவைக் கொண்டு இன்னும் பெரிய ஒன்றைக் கண்டார். சூரியனைச் சுற்றியுள்ள பகுதியிலேயே ஒரு பெருந்தொகுதி விண்மீன்கள் பால்வெளியின் பொதுச் சுழற்சிக்கு ஒத்துப்போகாமல், அதில் ஒரு பகுதி எதிர்த் திசையிலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. வாசிலி பெலோகுரோவின் குழுவும் அதே ஆண்டில் அதே மீன்களை வேறு வழியில் அடையாளம் கண்டது. சுமார் 1,000 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு மண்டலம் வந்து பால்வெளியில் கலந்திருக்கிறது. அதன் எடை அன்றைய பால்வெளியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு என்று ஹெல்மியின் குழு கணித்தது. கையா-என்செலடஸ் என்று அதற்குப் பெயர். சூரியன் பிறந்தது 460 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். நாம் குடிவந்தது ஏற்கெனவே இணைந்து முடிந்த வீட்டில்.

அதைவிடப் பழையவற்றுக்கு 2024 மார்ச்சில் நம் மொழிக்கு நெருக்கமான பெயர் வந்தது. ஜெர்மனியின் ஹைடல்பெர்க் மாக்ஸ் பிளாங்க் வானியல் நிறுவனத்தில் அப்போது இருந்த க்யாதி மல்ஹானும் ஹான்ஸ்-வால்டர் ரிக்ஸும் பால்வெளியின் மையத்தை ஒட்டி இரண்டு பழம்பெரும் தொகுதிகளைப் பிரித்தெடுத்தார்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1 கோடி சூரியன்களின் எடை. விண்மீன்களின் வயது 1,200 முதல் 1,300 கோடி ஆண்டு. சக்தி, சிவா என்று பெயரிட்டார்கள். இவை பால்வெளி உருவாகும்போதே வந்து இணைந்த ஆதித் துண்டுகளாக இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். பால்வெளியின் விண்மீன்களில் பெரும்பங்கு இங்கேயே, இங்கு வந்து சேர்ந்த வாயுவிலிருந்து பிறந்தவை. வெளியிலிருந்து வந்தவை பெரும்பாலும் வட்டுக்கு மேலும் கீழும் பரவியிருக்கும் ஒளிவட்டப் பகுதியில் இருக்கின்றன. மண்டலக் கொத்துகளின் நடுவிலுள்ள ராட்சத நீள்வட்ட மண்டலங்களுக்குத்தான் விழுங்குதல் முக்கிய வளர்ச்சி வழி. பால்வெளிக்கு அது வாழ்க்கையின் முக்கியத் திருப்பங்கள் மட்டும். ஆனால் சிறிய வரவும் உள்ளிருப்பதை அசைத்துவிடுகிறது; கையா-என்செலடஸ் வந்தபோது ஏற்கெனவே இருந்த வட்டு தடித்துப்போனது அப்படித்தான்.

இனி வரப்போவதைப் பார்ப்போம். பெரிய மகெல்லன் மேகம் சுமார் 1.6 லட்சம் ஒளியாண்டில் இருக்கிறது. அமராவதி நகர் அட்சரேகையில் அது அடிவானத்துக்கு மேல் பத்துப் பாகை வரைதான் எழும். தெற்கு மலைகளையும் மூட்டத்தையும் மீறி அதைப் பார்ப்பது கடினம். 2019-ல் மாரியஸ் கவுட்டன் குழு கணித்தபடி சுமார் 240 கோடி ஆண்டுகளில் அது பால்வெளியில் கலந்துவிடும். மேகம் கனமானது, ஆகவே உராய்வு அதிகம், ஆகவே சீக்கிரம். சந்திரசேகர் எழுதிய விகிதம் அப்படியே நடக்கிறது. ஆண்ட்ரோமீடாவை நவம்பரில் வடக்கு நோக்கிப் பார்க்கலாம். பூரட்டாதி, உத்திரட்டாதி மீன்களால் ஆன பெரிய சதுரத்துக்கு வடகிழக்கே, உடுமலை வெளிச்சம் அனுமதித்தால் வெறுங்கண்ணுக்கே மங்கலாகத் தெரியும். வினாடிக்குச் சுமார் 110 கி.மீ. வேகத்தில் அது நம்மை நோக்கி வருகிறது. ஏறக்குறைய 400 கோடி ஆண்டுகளில் நேருக்கு நேர் மோதல் உறுதி என்று 2012-ல் அறிவித்தார்கள். 2025-ல் தில் சவாலா தலைமையிலான ஹெல்சின்கி குழு கையா, ஹபிள் தரவுகளோடு மகெல்லன் மேகத்தின் இழுப்பையும் சேர்த்துக் கணித்தது. அடுத்த 1,000 கோடி ஆண்டுகளில் இரண்டும் இணைய வாய்ப்பு பாதிக்குப் பாதிதான் என்று தெரிந்தது. முதல் முறை கடக்கும்போது எவ்வளவு நெருங்குகின்றன என்பதுதான் முடிவுசெய்கிறது. கரும்பொருள் சூழலுக்குள் ஆழமாக நுழைந்தால் உராய்வு பிடித்துக்கொள்ளும். விலகிக் கடந்தால் பிடிக்காது.

இணையும் நிலையில் உள்ள மண்டலங்களை இந்தியக் கருவிகளும் பார்த்து வருகின்றன. இங்கிருந்து தென்கிழக்கே, பழனி மலை மேல் கொடைக்கானல் வானாய்வகம் இருக்கிறது. அதையும் ஜவ்வாது மலையின் காவலூரையும் நடத்துவது பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனம். 2015 செப்டம்பர் 28-ல் ஏவிய ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளின் புற ஊதாத் தொலைநோக்கியை உருவாக்கியதில் அந்த நிறுவனத்துக்கே தலைமைப் பங்கு. அதில் என்ஜிசி 7733, 7734 என்ற இணையும் ஜோடியை ஆராய்ந்த ஜோதி யாதவ், மௌசுமி தாஸ், சுதான்ஷு பார்வே குழுவினர், 7733-ன் ஒரு கரத்தில் இருந்த பிரகாசமான புள்ளி அந்த மண்டலத்தைச் சேர்ந்தது அல்ல, மூன்றாவது மண்டலம் என்று 2021-ல் அறிவித்தார்கள். மூன்றின் நடுவிலும் பெருங்கருந்துளை இரையெடுத்துக்கொண்டிருக்கிறது.

இந்த மூன்று கருந்துளைகளுக்கும் என்ன நடக்கும்? இயக்க உராய்வு அவற்றையும் மையத்துக்கு இறக்கும். ஆனால் இரண்டு கருந்துளைகள் சில ஒளியாண்டு தொலைவுக்கு நெருங்கிவிட்டால், இடையில் இருந்த விண்மீன்களை அவை வெளியே எறிந்து முடித்திருக்கும். பின்னிழுக்கக் கூட்டம் இல்லை. சந்திரசேகரின் உராய்வு அங்கே கைவிட்டுவிடுகிறது. அப்படியும் அவை எப்படி இணைகின்றன என்பது நாற்பது ஆண்டுக்கு மேலாக நீடிக்கும் புதிர். 2023 ஜூன் 29-ல், புனேக்கு அருகே கோடாட் கிராமத்து ராட்சத மீட்டர் அலைத் தொலைநோக்கியைப் பயன்படுத்தும் இந்தியக் குழுவும் ஐரோப்பியக் குழுவும் சேர்ந்து, அண்டம் முழுக்க அத்தகைய கருந்துளை ஜோடிகள் எழுப்பக்கூடிய ஈர்ப்பலையின் தடயத்தை வெளியிட்டன. அமெரிக்க, ஆஸ்திரேலிய, சீனக் குழுக்களும் அதே நாளில் தத்தம் முடிவுகளைத் தந்தன. பல்சார்கள் எனப்படும் துடிப்பு விண்மீன்களைக் கடிகாரமாக வைத்து அந்த அலையை எப்படிக் கேட்டார்கள் என்பது அடுத்த அத்தியாயம்.

(தொடரும்)